பாடலுக்கு முந்திய பதினான்கு ஆண்டுகள்

இலக்கியத்தால் என்ன ஆகுமென்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கொடைக்கானலைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, 1980களில் அங்கே இயங்கத் தொடங்கியது. பாதரச ஆவி தொழிலாளரின் மூச்சில் கலந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் பழைய இரும்புக் கடையொன்றில் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. உடல்நலக் கேட்டுக்கு நட்டஈடு கோரி, 2006இல் தொழிலாளர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர்.

2015இல் சென்னையின் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாடல் உலகெங்கும் ஒலித்தது. மறு ஆண்டே, ஆலைக்குரிய ஹிந்துஸ்தான் யுனிலீவர் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு செய்தது.

இவ்வெற்றியைப் பாடலின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனமில்லை. அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் அத்தொழிலாளர் விடாது நின்றிராவிட்டால், பாடுவதற்கு ஒன்றும் இருந்திராது.