நுரையீரல் மீயொலி வரைவு

நுரையீரல் மீயொலி வரைவு என்பது, மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியலைகளை மார்பின் வழியே செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு நுரையீரலின் நிலையை அறியும் மருத்துவச் சோதனை ஆகும். பேச்சு வழக்கில் ஸ்கேன் எனப்படும் சோதனைகளுள் இதுவும் ஒன்று. இதில் கதிர்வீச்சு இல்லை. நோயாளியை இடம் மாற்றாமல் படுக்கையருகிலேயே செய்யலாம். ஆகவே, வைரசு எனப்படும் தீநுண்மங்களால் உண்டாகும் நுரையீரல் அழற்சியை, அதாவது நிமோனியாவை, விரைவில் அறிய இது பயன்படுகிறது. எனினும் இச்சோதனை காட்டுவது நுரையீரலின் மேற்பரப்பு மாற்றங்களை மட்டுமே. அவற்றை உண்டாக்கிய கிருமியை அன்று.

செயல்படும் முறை

உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்று நிறைந்த நுரையீரலை அடைந்தவுடன் ஒலி ஏறத்தாழ முழுவதும் எதிரொளிக்கப்படுகிறது. இதனால் நலமான நுரையீரலின் உட்பகுதி திரையில் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, நுரையீரல் உறையைக் குறிக்கும் வெண்ணிறக் கோடும், அதன் கீழே சம இடைவெளிகளில் கிடைமட்டக் கோடுகளும் தோன்றும். இக்கிடைக்கோடுகள் ஏ கோடுகள் எனப்படும்.

காற்றுச் சிற்றறைகளைச் சூழ்ந்த திசுக்கள் நீர் கோர்த்தோ தடித்தோ போகும்போது, உறையிலிருந்து திரையின் அடிவரை மங்காமல் இறங்கும் செங்குத்துக் கோடுகள் தோன்றும். இவை பி கோடுகள் எனப்படும். மூச்சுடன் சேர்ந்து இவையும் அசையும். ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பி கோடுகள் இருப்பது இயல்பன்று.

வரலாறு

காற்று ஒலியைத் தடுப்பதால் நுரையீரலுக்கு மீயொலி பயன்படாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிரான்சு நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன், பி கோடுகள் நோயின் அடையாளம் என்பதை 1997 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். கடும் மூச்சுத்திணறலுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 260 நோயாளிகளைக் கொண்டு 2008 இல் வெளியான ஆய்வில், அவர் வகுத்த வழிமுறை 90.5 விழுக்காட்டினரின் நோய்க்காரணத்தைச் சரியாகக் கணித்தது. இதற்கான பன்னாட்டுப் பரிந்துரைகள் 2012 இல் வெளிவந்தன. 2020 இல் கொரோனா பெருந்தொற்றின்போது, மார்பை 14 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் முறை இத்தாலிய மருத்துவர்களால் முன்மொழியப்பட்டது.

அடையாளங்கள்

* தீநுண்ம அழற்சி: உறைக்கோடு ஒழுங்கற்றுத் தடித்திருக்கும். பி கோடுகள் இரு நுரையீரல்களிலும் திட்டுத்திட்டாகக் காணப்படும். இடையிடையே நலமான பகுதிகளும் இருக்கும். உறையை ஒட்டிச் சிறு திண்மப் பகுதிகள் தோன்றலாம்.
* பாக்டீரியா அழற்சி: பெரும்பாலும் ஓரிடத்தில் பெரிய திண்மப் பகுதி காணப்படும். அதனுள் மூச்சுக்கேற்ப அசையும் காற்றுக் குமிழ்கள் தெரியலாம்.
* இதயச் செயலிழப்பால் ஏற்படும் நீர்க்கோர்வை: பி கோடுகள் இருபுறமும் சமச்சீராக இருக்கும்; உறைக்கோடு வழவழப்பாக இருக்கும்.

இவற்றுள் எதுவும் உறுதியான சான்று அன்று. தீநுண்ம அழற்சியின்மேல் பாக்டீரியா தொற்றும் சேர்ந்து வரக்கூடும்.

திருவள்ளூர் மாவட்டச் சூழல்

நுரையீரல் நோய் ஆய்வில் திருவள்ளூர் பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தபோது, 1968 இல் பெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இங்கு தொடங்கியது. அதற்காக மக்களிடையே பரவலாக எக்சு-கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. தனி மாவட்டமான பின்னர், 1999 முதல் காசநோய்க்கான நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையும் இங்கு ஆராயப்பட்டது.

மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகள் உட்படப் பல தொழிற்சாலைகள் இயங்குகின்றன. வெளிமாநிலத் தொழிலாளர் பலர் இங்கு பணிபுரிகின்றனர். நெருக்கமான அறைகளில் பலர் சேர்ந்து தங்கும்போது சளிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள் எளிதில் பரவும்.

பழைய காசநோய் வடுவும், வார்ப்பட மணல் போன்றவற்றிலுள்ள சிலிக்கா தூசால் வரும் நோயும் உறைக்கோட்டைச் சிதைத்துப் பி கோடுகளைத் தோற்றுவிக்கக் கூடும். எனவே, காய்ச்சலுடன் வரும் தொழிலாளியிடம் காணப்படும் பி கோடுகளைப் புதிய தீநுண்ம அழற்சி என்று உடனே முடிவு செய்தால், காசநோயோ தொழில்சார் நோயோ கண்டறியப்படாமல் போகலாம். இதைத் தவிர்க்கப் பணி வரலாறு, நோய் தொடங்கிய நாள், பழைய எக்சு-கதிர்ப் படம், சளிப் பரிசோதனை ஆகியவையும் தேவை. தீநுண்மத்தை உறுதி செய்ய மூக்கு அல்லது தொண்டையில் எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பழைய வடு நாளுக்கு நாள் மாறாது. புதிய அழற்சி சில நாட்களில் கூடும் அல்லது குறையும். ஆகவே சோதனையை மீண்டும் செய்து ஒப்பிடுவது உதவும்.

குறைபாடுகள்

உறையைத் தொடாத ஆழமான நோய்ப்பகுதிகள் இச்சோதனையில் தெரியா. தோள்பட்டை எலும்பு மறைக்கும் இடங்களையும் காண இயலாது. உடல் பருமன் படத்தின் தெளிவைக் குறைக்கும். முடிவு, சோதிப்பவரின் பயிற்சியைப் பெரிதும் சார்ந்தது.

சட்ட நிலை

கருவின் பாலினம் அறிதலைத் தடை செய்யும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் மீயொலிக் கருவிகளைப் பதிவு பெற்ற இடங்களிலேயே பயன்படுத்த வேண்டும். கையடக்கக் கருவிகளைப் பதிவு பெற்ற மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கோ, பிற மருத்துவச் சேவைகளும் அளிக்கும் நடமாடும் மருத்துவப் பிரிவிலோ மட்டுமே பயன்படுத்தலாம். நுரையீரலை மட்டுமே பார்க்கும் நோக்கம் இருந்தாலும், கருவைக் காட்ட வல்ல கருவிக்கு இவ்விதிகள் பொருந்தும்.