அமெரிக்க மருத்துவமனைகளில் செயல்வழிச் செலவுக் கணக்கீடு: ஒரு வரலாற்று நோக்கு

1965இல் இயற்றப்பட்ட மெடிகேர் சட்டம், முதியோர் சிகிச்சைக்கு ஆன நியாயமான செலவை மருத்துவமனைகளுக்கு ஈடுசெய்தது. சலவை, சமையல், நிருவாகம் ஆகியவற்றின் செலவைத் தரைப்பரப்பு முதலிய அளவுகளால் பிற துறைகளுக்குப் பகிர்ந்தளித்தாலே போதுமானதாயிற்று. நோயாளி ஒருவருக்கு ஆன உண்மைச் செலவு யாது என்னும் வினாவுக்கு அக்கணக்கில் விடை இல்லை, வினவுவாரும் அரியர்.

1983இல் நிலைமை மாறியது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்ப்சனும் உருவாக்கிய நோய்த்தொகுதி வகைப்பாட்டின்படி, முன்வரையறுத்த தொகையையே மெடிகேர் வழங்கலாயிற்று. செலவு அதனை விஞ்சினால் இழப்பு மருத்துவமனையுடையது. அதே பத்தாண்டில் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் தொழிற்சாலைகளை ஆராய்ந்து செயல்வழிக் கணக்கீட்டை வகுத்தனர். செயல்கள் வளங்களை நுகர்கின்றன, பொருள்கள் செயல்களை நுகர்கின்றன என்பது அதன் அடிப்படை.

மருத்துவமனைக்கு இக்கருத்து பொருந்தினும் நடைமுறை கடினமாயிருந்தது. எப்பணிக்கு எவ்வளவு நேரம் சென்றது என ஊழியரிடம் கேட்டுத் திரட்டுவது பெருஞ்சுமை. அவ்விடைகளில் வெற்று நேரமும் மறைந்துபோயிற்று. (வாளா இருந்ததாக யார்தான் கூறுவர்?) 2004இல் கப்லானும் ஸ்டீவன் ஆண்டர்சனும் முன்வைத்த நேரவழிக் கணக்கீட்டுக்கு இரு மதிப்பீடுகளே வேண்டப்பட்டன: வளத்தின் நிமிடச் செலவு, செயலுக்கு வேண்டிய நிமிடங்கள். 2011இல் கப்லானும் மைக்கேல் போர்ட்டரும் இதனை மருத்துவத்துக்கு விரித்துரைத்தனர். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் இதனைத் தொடக்கத்திலேயே சோதித்தன. நோயாளி வருவது முதல் வீடு திரும்புவது வரையுள்ள படிகள் வரையப்பட்டன. ஒவ்வொரு படியிலும் மருத்துவர், செவிலியர், எழுத்தர் ஆகியோரின் நிமிடங்கள் தனித்தனியே விலையிடப்பட்டன. கட்டணப் பட்டியலையே செலவாகக் கொண்ட பழைய வழக்கத்தில் இவ்வேறுபாடு புலப்பட்டதே இல்லை.