நற்கருணை நோன்பு

நற்கருணை பெறும் முன் கிறிஸ்தவர்கள் உண்ணாதிருக்கும் வழக்கம் நற்கருணை நோன்பு. சீடர்களுடன் இயேசு உண்ட கடைசி இரவுணவின் நினைவாக அப்பமும் திராட்சை இரசமும் பகிரப்படும் வழிபாடே நற்கருணை. சீர்திருத்தச் சபையார் இதைத் திருவிருந்து, இராப்போஜனம் என்பர். நோன்பு இறைவனுக்காகக் காத்திருக்கும் பசி. நற்கருணை அப்பசி தீரும் பொதுப் பந்தி.

முதல் நூற்றாண்டிலேயே இவ்விரண்டின் உறவு பேசப்பட்டது. கொரிந்துச் சபையில் வசதியுள்ளோர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்ததைத் திருத்தூதர் பவுல் கண்டித்தார். 397இல் கூடிய கார்த்தேஜ் சங்கம், கடைசி இரவுணவை நினைவுகூரும் பெரிய வியாழன் தவிர மற்ற நாள்களில் உண்ணாதவரே நற்கருணைக் கொண்டாட்டத்தை நடத்த வேண்டுமென விதித்தது. பின்னர் நள்ளிரவு முதல் தண்ணீரும் விலக்கப்பட்டது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி புலாலை நீக்கி, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஒருவேளை உணவு ஒருசந்தி என்றும், புலால் விலக்கல் சுத்தபோசனம் என்றும் வழங்கின. சாதியால் நோன்பைவிடப் பந்தியே இங்கு கடினமாயிற்று. புதுச்சேரித் தேவாலயம் ஒன்றில் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிந்துள்ளது. 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் திருவிருந்தில் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே உடல் என்ற போதனை அங்கே சோதிக்கப்பட்டது.

1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தண்ணீர் நோன்பை முறிக்காது என அறிவித்து, மாலைத் திருப்பலிக்கும் (நற்கருணை வழிபாட்டுக்கும்) வழிவிட்டார். 1957இல் நோன்பு திட உணவுக்கு மூன்று மணி நேரமாகவும், 1964இல் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு அளிக்கிறது.

இன்று கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி நாள்கள். பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. முந்தைய நாள் அர்ச்சிக்கப்பட்ட அப்பமே வழங்கப்படும். அன்று பல பங்குத்தலங்களில் கஞ்சி காய்ச்சி வந்தோர் அனைவருக்கும் ஊற்றுவர். சீர்திருத்த மரபைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபையில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாள்களின் நோன்பு அவரவர் விருப்பம். மிச்சப்படுத்திய பணம் காணிக்கையாகிறது. உண்ணாமல் விட்ட பங்கு பசித்தவருக்குச் சேரவேண்டும் என்பதே இரு மரபுகளும் நோன்புக்குத் தரும் பொருள்.