பொன்னை மறைத்த டெல்லூரியம்

தங்கம் எதனோடும் ஒட்டாத உலோகம் என்று வகுப்பில் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தவன் நான். காற்று, தண்ணீர், சாதாரண அமிலம் எதற்கும் அது மசியாது. அதனால்தான் பாட்டி போட்டிருந்த கம்மல் பேத்தி காதிலும் மின்னுகிறது. ஆனால் பூமிக்கடியில் அது இணங்கிப்போகும் தனிமங்கள் சில உண்டு. அவற்றில் முக்கியமானது டெல்லூரியம்.

1782இல் திரான்சில்வேனியாவில் சுரங்கங்களைக் கவனித்துவந்த முல்லர் என்பவர், அங்கே கிடைத்த ஒரு தங்கத் தாதுவை ஆராய்ந்தார். முதலில் அதில் இருப்பது ஆண்டிமனி என்று கருதப்பட்டது. முல்லர் அது பிஸ்மத் என்றார். கடைசியில் இரண்டும் இல்லை என்று கண்டார். மூன்று வருடம், ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள். சூடாக்கினால் முள்ளங்கி வாசனை அடித்தது. கந்தக அமிலத்தில் போட்டால் சிவந்தது. புதிய உலோகம் என்று அவருக்குப் பட்டது. ஆனால் உலகம் கண்டுகொள்ளவில்லை.

பதினாறு வருடம் கழித்து, 1798இல், பெர்லினில் கிளாப்ரோத் என்ற பெரிய வேதியியலர், முல்லர் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்து அதை உறுதிசெய்தார். 'டெல்லஸ்' என்றால் லத்தீனில் பூமி. அதை வைத்து டெல்லூரியம் என்று பெயரிட்டார். கண்டுபிடித்தவர் முல்லர்தான் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பெயர் தட்டிப்போகிற உலகத்தில் இது சின்ன விஷயமா?

தங்கமும் டெல்லூரியமும் சேர்ந்த கனிமங்களில் ஒன்று காலவரைட். கலிபோர்னியாவின் காலவராஸ் வட்டாரத்தில் கிடைத்ததால் 1868இல் அந்தப் பெயர் வந்தது. ஒரு தங்க அணுவுக்கு இரண்டு டெல்லூரிய அணுக்கள். எடையில் சுமார் 44 சதவீதம் தங்கம்! ஆனால் பார்த்தால் தங்கம் என்று தெரியாது. வெளிறிய பித்தளை போலவோ வெள்ளி போலவோ இருக்கும். பாதரசத்திலும் எளிதில் பிடிபடாது. வறுத்தால் டெல்லூரியம் ஆக்சைடாகப் புகைந்து போய்விடும், தங்கம் மிஞ்சும்.

இதை அறியாததால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் அந்தக் கூத்து நடந்தது. 1893இல் அங்கே தங்கம் கிடைத்தது. வேண்டாத கல் என்று ஒதுக்கியதை ரோட்டுப் பள்ளங்களில் கொட்டினார்கள் என்பார்கள். 1896இல் அது டெல்லூரைடு என்று தெரிந்ததும் ஊரே மண்வெட்டியோடு வீதியைத் தோண்டக் கிளம்பிவிட்டதாம்.

காலவரைட் இன்னொரு வம்பும் செய்தது. அதன் படிக முகங்கள் படிகவியலின் பழைய விதிக்கு அடங்கவில்லை. அதற்குள்ளே, இரண்டு டெல்லூரிய அடுக்குகளுக்கு நடுவே ஒரு தங்க அடுக்கு என்று வரிசை வரிசையாக இருக்கிறது. அந்த அணுக்கள் தம் இடத்திலிருந்து அலைபோல விலகி நிற்கின்றன; அந்த அலையின் நீளம் அடுக்கின் அளவோடு பொருந்துவதில்லை. இது விளங்க 1980கள் வரை ஆயிற்று.

முல்லருக்குப் பதினாறு வருடம், காலவரைட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல். ஒதுக்கப்பட்ட கல்லை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்கிற பொறுமை ஒருவருக்காவது இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்த சில பையன்களை நான் அப்படிப் புரட்டிப் பார்த்தேனா என்று இப்போது யோசிக்கிறேன்.