பிக்கப் வண்டியில் ஒரு வீடு: மடக்குக் கூரையின் கதை

இன்றைய பதிவு ஓர் அமெரிக்கச் சங்கதி. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே பிக்கப் என்றால் முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி. நம்மூர் டாடா ஏஸுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டிக்குள் ஒரு பெட்டி வீட்டை இறக்கி முடுக்கிவிட்டால் அது 'டிரக் கேம்பர்'. அதில் ஒரு வகைக்கு ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். வண்டியை நிறுத்தியதும் கூரையை மேலே தூக்கிக்கொள்ளலாம், இடைவெளியைக் கித்தான் துணி சுவராக மூடும். 'பாப்-அப்' என்கிறார்கள். நாலு நாள் மீன் பிடிக்கவும் மலையேறவும் போகிறவர்களுக்காகச் செய்த பொருள் இது. ஆனால் இதிலேயே வருஷம் முழுக்கக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து பிரித்து, அறுத்து, ஒட்டி, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். விடுமுறைக்கும் குடித்தனத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்த மாற்றங்களைப் பார்த்தால் புரியும்.

வண்டியில் குடியிருப்பது அங்கே நூறு வருஷப் பழக்கம். ஃபோர்டு மாடல்-டி கார் மலிவாகக் கிடைத்ததும், 1910களின் கடைசியிலேயே பட்டறைக்காரனை நம்பாமல் அவரவரே காரில் பலகையும் தார்ப்பாயும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று சங்கமே வைத்தார்கள்.

அது வசதி இருந்தவர்களின் கதை. 1930களில் நடுச் சமவெளியில் மழை பொய்த்து, மண் புழுதிப்புயலாகக் கிளம்பி, வங்கிகள் நிலங்களை எடுத்துக்கொண்டபோது, அதே பலகையையும் தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு ஏழைக் குடியானவர்களும் கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பினார்கள். ஜான் ஸ்டெய்ன்பெக் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலில் வரும் குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரின் பின்பாதியை அறுத்துத்தான் லாரியாக்கிக்கொள்ளும்.

உல்லாசமாகப் போனவனுக்கு ஊர் ஊராகக் கூடாரத் திடல் திறந்தார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவனுக்கு என்ன கிடைத்தது? 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் 136 காவலர்களை மாநில எல்லைக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. நகரப் போலீஸுக்கு மாநில எல்லையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், அப்போதும் சிலர் கேட்டார்கள். வறியவர் என்று தெரிந்தே ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்துவருவது அங்கே குற்றமாகவும் இருந்தது. எட்வர்ட்ஸ் என்பவர் தன் மனைவியின் சகோதரரை டெக்சஸிலிருந்து காரில் கூட்டிவந்ததற்குத் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1941இல்தான் அந்தச் சட்டம் செல்லாது என்று ஆனது. மச்சானை வீட்டுக்கு அழைத்துவர உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்திருக்கிறது!

போர் வந்தது. 1942இல் அமெரிக்க ராணுவம் அலாஸ்காவுக்குக் கனடா வழியாக 2,400 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சாலையை ஒரே வருஷத்துக்குள் போட்டு முடித்தது. போருக்குப் பிறகு அது பொதுமக்களுக்குத் திறந்ததும், கூரை உயரமான பெட்டியோடு போனவர்களுக்குக் காற்றுதான் எதிரி. உயரம் கூடக் கூட வண்டி ஆடும், பெட்ரோல் குடிக்கும். 1950களில் டான் ஹால் என்பவர் இதற்கு வழி கண்டார். தீப்பெட்டியின் மேலுறை போல, பெட்டியின் மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் இறங்கும். ஹைட்ராலிக் பம்ப் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். 'அலாஸ்கன்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. சுவர் கெட்டி, ஆனால் கனமும் அதிகம். பின்னர் 1972இல் தொடங்கிய 'ஃபோர் வீல் கேம்பர்ஸ்' போன்றவர்கள் அலுமினியச் சட்டம், துணிச் சுவர் என்று எடையைக் குறைத்தார்கள். கூரையைத் தோள்கொடுத்துக் கையாலேயே தூக்கலாம்.

இந்த எடை விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே ஸ்டெய்ன்பெக் 1960இல், 58 வயதில், ஜிஎம்சி பிக்கப் ஒன்றில் சிறு வீடு கட்டச் சொல்லி வாங்கி, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றக் கிளம்பினார். டான் கிஹோட்டேயின் குதிரை பெயரை வண்டிக்கு வைத்தார்: ரோசினான்டே. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருந்தன. மூடி போட்ட குப்பை வாளியில் தண்ணீர், சோப்பு, அழுக்குத்துணி போட்டு, ரப்பர் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். வண்டி குலுங்கக் குலுங்கத் துணி வெளுத்துவிடும். நோபல் பரிசு வாங்கப்போகிற மனுஷன் செய்த வேலை! ஆனால் புத்தகம், கருவி, டப்பா உணவு என்று எல்லாவற்றையும் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார். ஓரிகன் மாநிலத்தில், ஞாயிற்றுக்கிழமை மழையில், பின் டயர் வெடித்தது. அவர் பல இரவுகளை ஓட்டலில் கழித்தார் என்று அந்தத் தடத்தைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஓட்டலுக்குக் காசில்லாதவர்களைப் பற்றித்தான் நான் மேலே எழுதப்போகிறேன்.

இன்றும் நிரந்தரமாக வண்டியில் வாழப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் பாரக் கணக்குச் சீட்டு. 75 லிட்டர் தண்ணீர் என்றால் 75 கிலோ. இரண்டு பேர், சிலிண்டர், பாத்திரம் பண்டம், போர்வை, ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்தால் சின்ன பிக்கப்பின் வரம்பு சீக்கிரம் எட்டிவிடும். பட்டை மேல் பட்டை சேர்த்து வில்லைப் பலப்படுத்துகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் அச்சும் பிரேக்கும் பழையவைதானே? வில்லை மாற்றினால் சீட்டில் உள்ள எண் மாறாது.

அடுத்தது கூரை. சூரிய மின்தகடுகளைக் கூரையில் பதித்ததும், கையால் தூக்க வேண்டிய எடை 20, 30 கிலோ கூடிவிடுகிறது. அதனால் கார் டிக்கி மூடியைத் தாங்கும் கேஸ் தண்டுகள் போல நான்கு மூலையிலும் பொருத்துகிறார்கள். அறுபது வயதுத் தோளுக்கு இது ஆடம்பரம் இல்லை.

ஈரம்தான் பெரிய வில்லன். வகுப்பில் வேதியியல் சமன்பாடு எழுதிப் போட்ட பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உண்டாகும். புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பை உள்ளே எரித்தால் அந்த ஆவி முழுதும் அறைக்குள்தான். இருவர் இரவு முழுக்க விடும் மூச்சில் ஏறக்குறைய அரை லிட்டர். வெளியே பனி உறையும்போது இதெல்லாம் அலுமினியச் சட்டத்திலும் மெத்தையின் அடியிலும் வேர்த்து நிற்கும். நாலு நாள் பயணத்தில் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காயவைக்கலாம். இதுவே வீடு என்றால் ஒரே மாதத்தில் பூஞ்சணம். எனவே துணிச் சுவருக்கு உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ்ப் படுதா தைத்து மாட்டுகிறார்கள், மெத்தைக்கு அடியில் காற்றோடக் கண்ணித் தட்டி விரிக்கிறார்கள், கூரையில் சிறு மின்விசிறி வைக்கிறார்கள். கேஸ் கணப்பை எடுத்துவிட்டு, புகையையும் ஆவியையும் குழாய்வழி வெளியே தள்ளும் டீசல் கணப்பைப் பொருத்துகிறார்கள். குளிர்நாட்டு லாரி ஓட்டுநர்கள் வெகுகாலமாக வைத்திருப்பதுதான் அது. குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதைக் கண்டு கத்தும் கருவி ஒன்று தலைமாட்டில் இல்லாமல் யாரும் படுக்கக் கூடாது.

குளிர்சாதனப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1922இல் சுவீடனில் வான் பிளாட்டன், முண்டெர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள், அசையும் உறுப்பு எதுவுமே இல்லாமல் சிறு தீச்சுடரின் சூட்டிலேயே குளிரூட்டும் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். கேம்பர்களில் பல பத்தாண்டுகள் ஓடியது அதன் வழிவந்ததுதான். வண்டி சாய்ந்து நின்றால் அது சரியாக வேலை செய்யாது. கம்ப்ரசர் பெட்டி வைக்கலாமென்றால் பேட்டரி தாங்காது. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் லெட்-ஆசிட் வகையைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், தூக்கினால் இடுப்பு போகும்.

இதை மாற்றியது லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குட்இனஃப் ஆய்வகத்திலிருந்து 1997இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி என்ற இந்தியர். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? இந்தப் பேட்டரி பழையதன் பாதி எடைகூட இல்லை, தேக்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் கொடுக்கிறது. உறைநிலைக்குக் கீழே மட்டும் மின்னேற்றக் கூடாது, கெட்டுவிடும். அதனால் பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து இருக்கைக்கு அடியில், கணப்புச் சூடு படும் இடத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டு இதில் யார் வாழ்கிறார்கள்? ஊர் சுற்ற ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் 2008 பொருளாதாரச் சரிவில் வீடும் சேமிப்பும் போன முதியவர்களும் நிறைய. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' அவர்களைப் பற்றியது. அதைத் தழுவிய படம் 2021இல் ஆஸ்கர் விருது வாங்கியது. அறுபது, எழுபது வயதில், அரசு தரும் ஓய்வூதியம் வாடகைக்கே போதாமல், வண்டியில் ஏறி, பருவத்துக்குப் பருவம் கிடங்கு வேலைக்கும் பீட்கிழங்கு அறுவடைக்கும் போகிறார்கள். மாதா மாதம் பென்ஷன் வாங்குகிற என்னால் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு தலைவலி. பொது நிலங்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள்தான். நகரத்துக்குள் வந்தால் சட்டம். வண்டியைக் குடியிருப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1983 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விதி இருந்தது. ஆம், 1936இல் எல்லையில் ஆள் நிறுத்திய அதே நகரம்தான். எது குடியிருப்பு? தலையணை இருந்தாலா, அடுப்பு இருந்தாலா? விதியில் தெளிவில்லை என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் 2024இல், ஓரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊர் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுக்கை விரித்துத் தூங்குபவருக்கு அபராதம் விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

கூரையைத் தூக்கினால் உள்ளே ஆள் இருப்பது தெருவுக்கே தெரியும். தாழ்த்தி வைத்தால் அது வெறும் பிக்கப். அதனால் முழுநேரமாக வாழ்பவர்கள் பலர், கம்பெனி கொடுத்த மேல்கட்டிலை விட்டுவிட்டு, தரையோடு ஒட்டி ஒரு பிளைவுட் படுக்கை செய்துகொள்கிறார்கள். ஊருக்குள் தங்க நேரும் இரவுகளில் கூரையைத் தூக்காமல், விளக்கும் போடாமல், அதில்தான் படுக்கிறார்கள். அலாஸ்காச் சாலையின் காற்றுக்காகத் தாழ்த்திய கூரை, இப்போது போலீஸ்காரரின் டார்ச் வெளிச்சத்துக்காகவும் தாழ்ந்திருக்கிறது.