அடைத்த மேடையும் அழிந்த திடலும்

கூத்து மேடைக்கும் கொள்ளைநோய்க்கும் பழைய பகை. 1592-94இல் லண்டன் நாடகக் கொட்டகைகளை நோய் அடைத்தது, பின்பு திறந்தார்கள். நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மேடைகள் இருண்டன. 2022 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மறுபடியும் சனம் கூடிச்சு.

ஆனால், மன்மதனைச் சிவன் எரித்த கதையைக் காமன் கூத்தாக ஆடிய தோட்டத்துத் திடல்களை நோய் மூடவில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துச் சனங்கள் ஈப்போ பக்கம் போயிட்டாங்க. நோய் அடைத்த கதவைத் திறக்கலாம். ஆள் கலைந்த திடலை யார் திறப்பது?

பள்ளி மேடைதான் இன்று நம் திடல். அரிதாரம் பூச வெட்கப்படாதீங்க. தாத்தா பாட்டியிடம் ஒரு கூத்துப் பாட்டாவது கேட்டு வாருங்கள். வாழ்க கூத்துக் கலை!