மூளை இல்லாத உயிருக்கும் தூக்கக் கடன் உண்டு

தூக்கம் என்றால் மூளைக்கு ஓய்வு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியானால் மூளையே இல்லாத உயிர் தூங்குமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் வந்து சேர்வது நம்ம சென்னைக் கடற்கரை.

அலை வந்து திரும்பும் ஈர மணலில் புதைந்து வாழும் சின்ன உயிர் எமெரிட்டா ஏசியாட்டிகா. நண்டுக்கு உறவு. எம். கே. சந்திரசேகரன் அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே கடலும் இல்லை, ஓதமும் இல்லை. ஆனாலும் அதன் நடமாட்டமும் ஆக்சிஜன் செலவும் ஓதக் கணக்கிலும் பகல்-இரவுக் கணக்கிலும் ஏறி இறங்கின. 1965-ல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் இது வெளியானது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க் கடிகார ஆய்வை வளர்த்தவரும் இவர்தான்.

சரி, இதைத் தூக்கம்னு சொல்லிவிடலாமா? முடியாது. கடிகாரம் வேறு, தூக்கம் வேறு. 1982-ல் சூரிச் நகரின் அலெக்சாண்டர் போர்பெலி, தூக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து நடத்துகின்றன என்றார். எங்கள் மென்பொருள் பாஷையில் ஒன்று டைமர், இன்னொன்று கவுன்ட்டர். விழித்திருக்க விழித்திருக்கக் கவுன்ட்டர் ஏறும், தூங்கினால்தான் இறங்கும். எமெரிட்டாவில் தெரிந்தது டைமர். ஒரு உயிர் சும்மா கிடக்கிறதா, தூங்குகிறதா என்று பிரிக்க, கவுன்ட்டரையும் பார்க்க வேண்டும்.

2017-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் கசியோப்பியா என்ற ஜெல்லிமீனிடம் அதைப் பார்த்தார்கள். அதற்கு மூளை கிடையாது, நரம்பு வலை மட்டும்தான். பகலில் நிமிடத்துக்குச் சுமார் 58 முறை துடிப்பது, இரவில் 39-ஆகக் குறைந்தது. இரவில் தண்ணீரைப் பீய்ச்சித் தொந்தரவு செய்தால் மறுநாள் பகலில் சோர்ந்து கிடந்தது. 2020-ல் ஹைட்ராவின் முறை. அதன் ஓய்வு சுமார் நான்கு மணி நேரச் சுழற்சியில் வந்தது. அந்த ஓய்வைக் கெடுத்தபோது உடலில் செல் பெருக்கம் குறைந்தது. டைமர் 24 மணி நேரத்தை விட்டுவிட்டாலும் கடன் மட்டும் விடவில்லை!

எங்கள் வேலூர்-ஆம்பூர் பக்கம் தோல் தொழில்தான் பலருக்குப் பிழைப்பு. ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் படுப்பவரை, "இன்னும் என்ன தூக்கம்?" என்று எழுப்புவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஷிப்டு மாறினால் டைமர் மெல்ல மெல்ல ஓரளவு நகரும். கவுன்ட்டர் அப்படி இல்லை, தூங்கினால்தான் இறங்கும். மூளையே இல்லாத ஜெல்லிமீனுக்குக்கூட அதில் தள்ளுபடி கிடைக்கவில்லை.